ஒரு காதுக்கு வாங்கிய கார் ரேடியோ

தொழிற்சாலையில் பல வருடம் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் நின்றதில் என் இடது காது மந்தமாகிவிட்டது. வேலைக்குப் போகும்போது காரில் கேட்கும் பாட்டுதான் எனக்கு ஆறுதல். போன வருடம் அந்த ரேடியோவும் கெட்டுப்போனது.

கணவரோடு ஜெலுத்தோங்கில் ஒரு கார் ரேடியோ கடைக்குப் போனேன். கடைக்காரர் பெரிய திரை வைத்த செட்டைக் காரில் மாட்டிவிட்டு, என் கணவரிடமே பேசினார். "அண்ணே, இதுல மேப், வீடியோ எல்லாம் இருக்குலா."

"சத்தம் எப்படி?" என்று நான் கேட்டேன்.

"உனக்குத்தான் ஒரு காது கேக்காதே. என்ன வித்தியாசம் தெரியப் போகுது?" என்றார் கணவர். கடைக்காரர் சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. "இருக்கிறது ஒரு காதுதான். அதுக்கு நல்லதா வேணும்" என்று சொல்லி, என் கைப்பேசியிலிருந்த பாட்டைப் போட்டேன். சத்தத்தைக் கூட்டியதும் பாடகியின் குரல் கரகரத்தது.

"ஸ்பீக்கர் பழசு அக்கா, அதையும் மாத்தணும்" என்றார் கடைக்காரர். கணவர் தலையாட்டினார். நான் விடவில்லை. ஸ்பீக்கரைத் தொடாமல், திரையில்லாத சின்ன செட் ஒன்றை மாட்டச் சொன்னேன். கடைக்காரர் முனகிக்கொண்டே மாட்டினார்.

அதே பாட்டில், அதே ஸ்பீக்கரில் இப்போது குரல் தெளிவாக வந்தது. பின்னால் வயலின் தனியாகக் கேட்டது. கடைக்காரர் அந்தச் சின்ன செட்டுக்கே பில் போட்டார். "நல்லவேளை, போட்டுக் கேட்டே" என்றார் கணவர்.

இப்போதெல்லாம் நானே கேட்டுப் பார்க்காமல் பாட்டுப் பெட்டி எதையும் வாங்குவதில்லை. "திரைகூட இல்லையா?" என்று தோழிகள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். கேட்கப் போவது என் காது, அதற்கு எது நல்லதென்று நான்தான் சொல்வேன்.

- ஒரு வாசகி, கெலுகோர்