என் மகள் சொன்ன பொய்

திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் எனக்குக் காலண்டர் ஒட்டும் வேலை. சீசனில் ஞாயிறும் லீவு கிடையாது. கணவர் லாரியில் லோடு ஏற்றிப் போனால் வரப் பத்து நாளாகும். மகளோடு இருக்க முடியாத குறைக்கு, தவணைக்காரர் கொண்டுவந்த சாமானையெல்லாம் வாங்கினேன். ஒற்றை அறை வீட்டில் பிரிக்காத பெட்டிகள் ஆளுயரத்துக்கு நின்றன. தவணையும் நின்றுபோயிருந்தது.

ஒருநாள் மாலை தவணைக்காரர் வருவதைப் பார்த்ததும் மகளிடம், “அம்மா இல்லன்னு சொல்லு” என்றுவிட்டுப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்தேன். அவளுக்கு எட்டு வயது.

“அம்மா ஆனைக்குட்டம் போயிருக்காக. சித்திக்கு மேலுக்கு முடியல. வெள்ளிக்கிழமதான் வருவாக” என்றாள், கொஞ்சமும் தடுமாறாமல்.

நான் சொல்லித்தராத பொய் அது. அதற்குமேல் ஒளிந்திருக்க மனம் வரவில்லை. வெளியே வந்தேன்.

“இங்கனதான் இருக்கேன் அண்ணாச்சி. கையில காசு இல்ல.”

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பெட்டிகளையே பார்த்தார்.

“ஒண்ணையுமே பிரிக்கலையேம்மா. திருப்பிக் குடுத்துருங்க. மொதலாளிகிட்ட நான் பேசிக்கிடுறேன்.”

விற்றால்தான் அவருக்குக் கமிஷன் என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் கிரைண்டர், டி.வி.டி. பிளேயர் எல்லாம் வண்டியேறின. மகளிடம், “ஒன்னையப் பொய் சொல்லச் சொன்னது என் தப்புதான் தாயி” என்றேன். அவள் காலியான இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, “நீயும் இங்கன உக்காரும்மா” என்றாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு நாற்பத்திரண்டு வயதாகியிருந்தது.