தைலப் புட்டியும் தலைகீழ்த் தங்கமீனும்

மீன் கடைக்காரர்களில் இரண்டு வகை. செத்த மீனை விற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர் ஒரு வகை. உயிருள்ள மீனை விற்றுவிட்டு, அது சாகும்வரை போனில் திட்டு வாங்குகிறவர் இன்னொரு வகை. சங்கரன்கோவிலில் நான் இரண்டாவது வகை. வீட்டில் தொட்டி வைத்திருக்கும் சகபாவிகளே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

என் மேஜை டிராயரில் கிராம்புத் தைலம் ஒரு புட்டி இருக்கிறது. பல்வலிக்கு வாங்கியதல்ல. இனித் தேறவே தேறாது என்று தெரிந்த மீனை, வலி தெரியாமல் தூங்க வைத்து அப்படியே அனுப்பிவிடுவதற்கு. "முடிச்சிரலாமா?" என்று கேட்டு யார் வந்தாலும் முதலில் அந்த டிராயர்தான் கண்ணில் படும். அதைத் திறக்காமல் ஒரு மீனைத் திருப்பி அனுப்பிவிட்டால் அன்றைக்கு எனக்குத் தீபாவளிதான்.

புற்றுமண் வைத்தியம்

ஓய்வுபெற்ற கண்டக்டர் அண்ணாச்சி ஒருவர் வீட்டில் மோலி மீன்களுக்கு உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. உப்பைத் தூவிவிட்டது மாதிரி இருக்கும் அந்த நோய். தோலில் எது வந்தாலும் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசுவது எங்கள் ஊர் வழக்கம். மீனுக்கும் இருப்பது தோல்தானே என்று அண்ணாச்சி யோசித்திருக்கிறார். பூசத்தான் முடியவில்லை, நழுவுகிறது. ஒரு கை மண்ணை அள்ளித் தொட்டியிலேயே கலக்கிவிட்டார். நான் போனபோது தொட்டி புதுவெள்ளம் வந்த கண்மாய் நிறத்தில் இருந்தது. உள்ளே மீன் இருப்பதே தெரியவில்லை.

கஷ்டப்படுத்தாமல் முடித்துவிடச் சொன்னார். வலையை விட்டால் அத்தனையும் துள்ளுகின்றன. துள்ளுகிற மீனுக்கு என்னிடம் தைலம் கிடையாது. கடைக்குக் கொண்டுவந்து நல்ல தண்ணீரில் உப்புப் போட்டு, ஹீட்டர் வைத்து, தினமும் தண்ணீர் மாற்றிப் பார்த்துக்கொண்டேன். பளபளவென்று திரும்பிப் போயின. பாராட்டை எதிர்பார்த்து நின்றேன். அண்ணாச்சி தொட்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"அம்மன் மண்ணு கைவிடாதுன்னு அப்பமே சொன்னேம்லா வே. நீரு தண்ணி மாத்துனதும் ஒரு ஒத்தாசைதான்."

வாஸ்து மீன்

எல்லாம் வெற்றிதான் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் பார்க்கும் ஒருவர் வீட்டில் நெற்றி புடைத்த பெரிய வாஸ்து மீன் ஒன்று. உடம்பு வீங்கி, செதிலெல்லாம் சிலிர்த்து நின்றுவிட்டது. இரையைத் தொட்டு வெகுநாளாகிவிட்டதாம். வீட்டுக்கு வந்த கண்ணேற்றை அது தாங்கிக்கொண்டிருக்கிறது, தொடாதீர்கள் என்று ஒரு கட்சி. ஃபிரீசரில் வைத்துவிடலாம், விறைத்துப் போகும் என்று இன்னொரு கட்சி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. விறைத்துச் சாவது தூக்கமில்லை என்று சொல்லிவிட்டுத் தைலத்தைத் தனி வாளியில் கலக்கினேன். மீன் மெல்லச் சாய்ந்தது. செவுள் அசைவு நின்ற பிறகும் நான் அவசரப்படவில்லை. வியாபாரி வாளிக்குப் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அந்தச் சாவையும் நான் தோல்விக் கணக்கில் எழுதவில்லை. அவர் சொன்னது இதுதான்:

"வலிக்காமப் போச்சுல்லா தம்பி? மனுசனுக்கு இது வாய்க்க மாட்டேங்குதே."

தறிக்கு நடுவில் ஒரு மீன்

ஆவுடையக்கா பவர்லூம் ஷெட் நடத்துகிறார். வீட்டுக்காரர் சவூதியில். ஷெட்டு நடுவில், தறிகளைப் பார்த்தபடி ஒரு தொட்டி, அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தங்கமீன். அது வயிறு உப்பித் தலைகீழாக மிதக்கத் தொடங்கியது. நீந்திக் கீழே போகப் பார்க்கும், பந்து மாதிரி மேலே வந்துவிடும். போட்டோ அனுப்பி, தைலத்தோடு வா என்றார். தறி ஓடும்போது வேண்டாம், மாதாந்திரக் கரண்ட் கட் அன்றைக்கு வா, அந்த இரைச்சலுக்குள் அதை அனுப்ப மனசில்லை என்றார். சரி என்றேன். அப்புறம் அவர் சொன்னது எனக்குச் சோறு இறங்கவிடவில்லை:

"இந்தச் சத்தத்துல நான் யாரக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாவ தம்பி. இது ஒண்ணுதான் நான் கிட்டப் போனா திரும்பிப் பாக்கும்."

கரண்ட் போன நாள்

தறிகள் நின்றிருந்தன. ஷெட்டில் பேச்சுக்குரல் கேட்பதே அன்றைக்குத்தான் எனக்கு முதல் தடவை. மற்ற நாளில் எல்லாம் கைச்சாடைதான். நெசவாளர்கள் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். அக்கா மட்டும் தள்ளி, சுவரைப் பார்த்து நின்றார். வாளியில் தண்ணீர் பிடித்துவிட்டேன். புட்டி மூடியைத் திருகும் முன்பு, வழக்கம்போல ஒரே ஒரு தீனி உருண்டையைப் போட்டுப் பார்த்தேன்.

தலைகீழாகவே பாய்ந்து வந்து கவ்வியது. செவுள் நன்றாக ஓடுகிறது, கண் தெளிவு, செதில் படிந்திருக்கிறது. வயிறு மட்டும்தான் மத்தளம். இன்றைக்கு இதற்கு இரை போட்டது யார் என்று கேட்டேன். நெசவாளர் இசக்கி, காலையில் டீ குடித்ததும் தான்தான் போடுவதாகச் சொன்னார். பக்கத்துத் தறிக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்து, நானும் போட்டேனே என்றார். நூல் சுற்றுகிற பெண் பொரிகடலை நுணுக்கிப் போடுவாராம். நைட் ஷிப்டுக்காரர்கள் தனி. கடைசியில் ஆவுடையக்காவும் சுவரைவிட்டுத் திரும்பி, நான் மூணு வேளையும் போடுதேனே என்றார். தறி இரைச்சலில் "போட்டாச்சா?" என்று ஒருவரும் ஒருவரைக் கேட்டதில்லை. மீனுக்கு எங்கே வெட்கம், நீட்டிய கையையெல்லாம் நம்பித் தின்றிருக்கிறது.

புட்டியைப் பைக்குள் போட்டேன். சில நாள் முழுப் பட்டினி, அப்புறம் வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணி, அதுவும் துளித்துளியாக என்று உத்தரவு போட்டுவிட்டு வந்தேன். அந்த நாட்களில் போன் அடித்தால், அக்கா பேரா என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். பிறகு ஒரு நாள் வீடியோ வந்தது. வாலை ஆட்டிக்கொண்டு, முதுகு மேலாக, ராஜா மாதிரி தங்கமீன் தொட்டிக்குள் சுற்றுகிறது. கடையில் தனியாக நின்று கைதட்டினேன். பக்கத்து செல்போன் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இப்போது அங்கே ஒரு சட்டம். காலையில் இரை போடுகிறவர் தொட்டி மூடியில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டிவிட வேண்டும். நூலைப் பார்த்தால் மறுநாள் காலை வரை மற்றவர்கள் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். போன வாரம் பார்க்கப் போனேன். தறிகள் முழுச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா தொட்டிக் கண்ணாடிப் பக்கம் போனதும் மீன் திரும்பியது. அவர் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னார்:

"கொன்னுரச் சொன்னேன்னு அதுக்குத் தெரியாது. நீயும் சொல்லிராதய்யா."

தைலப் புட்டி இன்னும் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. வாங்கி வைத்த சரக்கு தீராமல் கிடக்கிறதே என்று சந்தோஷப்படுகிற கடைக்காரன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.