குரல் வராவிட்டால் ஒரு பீப்

அலுவலகத்தில் எல்லோரும் அவளைச் சீயக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சி என்ற கணினி மொழியில் மட்டுமே நிரல் எழுதுகிற அக்கா என்று அதற்கு விளக்கம். அவள் சேர்ந்த புதிதில் யாரோ ஒரு குறும்புக்காரன் அதைச் சீயக்காய் ஆக்கிவிட்டான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. “அழுக்கு எடுக்கிற வேலைதானே பார்க்கறேன். பொருத்தமாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டாள். கிண்டல் செத்துப் போனது, பெயர் தங்கிவிட்டது.

லாரிகளை நிறுத்தி எடைபோடும் மேடைகளுக்கு நிரல் எழுதிக் கொடுக்கிற நிறுவனம் அது. இருபத்தொரு வருடமாக அங்கே மூன்றாம் மாடியில், ஜன்னலை ஒட்டிய மேசையில் உட்கார்ந்திருந்தாள். சத்தம் போட மாட்டாள். கூட்டங்களில் கடைசி நாற்காலி. ஆனால் எந்த ஊர் மேடையிலாவது எடை ஆடிக்கொண்டே இருந்தால், “சீயக்காட்ட காட்டிட்டீங்களா?” என்பதுதான் முதல் கேள்வி.

அவள் கணவர் முன்பு கட்டட வரைபடம் வரைபவராக இருந்தார். நாற்பதை நெருங்கும்போது அவருக்குப் பக்கவாட்டுப் பார்வை சுருங்க ஆரம்பித்தது. முதலில் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். பிறகு மேசையில் இருந்த டம்ளர்களைத் தட்டிவிட்டார். இரண்டு வருடத்தில் வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் மிஞ்சியது. “நான் வரைஞ்ச வீட்டுக்கெல்லாம் ஜன்னல் வெச்சேன். எனக்கு யாரோ சாத்திட்டாங்க” என்று ஒரே ஒரு முறை சொன்னார். அதற்குமேல் புலம்பவில்லை. ஆறு மாதம் பயிற்சி எடுத்துக்கொண்டு, ஒரு மருத்துவமனையில் தொலைபேசியில் முன்பதிவு எடுக்கும் வேலையில் சேர்ந்தார்.

அந்த வேலைக்கான நிரலை எழுதியது சீயக்காதான். மருத்துவர்களின் நேரப் பட்டியலை அது ஒவ்வொரு வரியாக அவர் காதில் வாசிக்கும். வாசிக்கும் குரல் அவள் செய்ததல்ல. தமிழ் பேசும் குரல் ஒன்றை ஒரு சின்ன நிறுவனம் தனிக் கோப்பாக விற்றது. அப்படிப்பட்ட கோப்பை லைப்ரரி என்பார்கள். எந்த நிரல் வேண்டுமானாலும் ஓடும் நேரத்தில் அதைத் திறந்து, உள்ளே இருக்கும் வேலையை வாங்கிக்கொள்ளலாம். அவள் நிரலும் காலையில் எழுந்ததும் அந்தக் குரலைத் திறக்கும், மாலையில் மூடும்.

பெண் குரல். தெளிவான, கொஞ்சம் கண்டிப்பான குரல். நாள் முழுக்கக் காதோடு காதாக அதைக் கேட்டுவிட்டு வரும் கணவரிடம், “இன்னிக்கு என் சக்களத்தி என்ன சொன்னா?” என்று அவள் கேட்பாள்.

“பத்தே காலுக்கு எலும்பு டாக்டர் காலியா இருக்காருன்னு சொன்னா. உன்னைப் பத்தி ஒண்ணும் கேக்கல.”

எட்டு வருடம் இப்படியே போனது.

பிறகு மருத்துவமனையில் எல்லாக் கணினிகளின் இயங்குதளத்தையும் விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றுவதாக முடிவெடுத்தார்கள். கணினிப் பிரிவு மேலாளர் நல்ல மனிதர். அவரே மேசைக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். “உங்க புரோகிராம் புதுசுல ஓடாது சார். ஓடலைன்னாலும் கவலைப்படாதீங்க. ஃபைல் ரூம்ல ஒரு சேர் போட்டுத் தர்றோம். சும்மா வந்து உக்காந்துட்டுப் போங்க, வேலைக்கு ஒரு பங்கமும் வராது.”

ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் அன்று வீட்டுக்கு வந்த கணவர் செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“சும்மா உக்காரணுமாம்” என்றார்.

“எத்தனை நாள் டைம் குடுத்திருக்காங்க?”

“ஒரு மாசம்.”

“நிறையவே இருக்கு” என்றாள் அவள். அவர் செருப்பைத் தானே கழற்றி ஓரமாக வைத்தாள்.

மறுநாள் விடிகாலையில், வேலைக்குக் கிளம்பும் முன் கிடைக்கிற இரண்டு மணி நேரத்தில், பழைய நிரலைத் திறந்து பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். விண்டோஸைத் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லை என்பதைப் போல எழுதியிருந்தாள். குரல் கோப்பின் பெயர் முதல் அதைத் திறக்கும் கட்டளை வரை எல்லாமே அந்த ஒரு வீட்டு வழக்கம். இனி யார் எதை மாற்றினாலும் அவர் இடம் அசையக் கூடாது என்று முடிவெடுத்தாள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓட வேண்டும்.

சமையலறை மேடையில் காய் நறுக்கிக்கொண்டே கணவர் கேட்டார். விரல் நுனியால் அளந்து அவர் நறுக்கும் துண்டுகள் எல்லாம் ஒரே அளவில் இருக்கும். “அதே குரல்தானே? அதே கம்பெனிதானே? தூக்கி அந்தப் பக்கம் வெச்சா ஓடாதா?”

“ஆள் ஒண்ணுதாங்க. கூப்பிடுற முறை வேற. உங்களையே எடுத்துக்கோங்க. எங்கம்மாவுக்கு மாப்பிள்ளை, என் தங்கச்சிக்கு அத்தான், உங்க அக்கா பையனுக்கு மாமா. எங்க வீட்ல வந்து ‘மாமா’ன்னு கூப்பிட்டா எங்கப்பாதான் எட்டிப் பார்ப்பார்.”

“அப்ப நீ என்ன பண்ணப் போற?”

“நடுவுல நின்னுக்கப் போறேன். ‘அவரைக் கூப்பிடு’ன்னு ஒரே வார்த்தைதான் நிரல் சொல்லும். எந்த வீடுன்னு பார்த்து, அந்த வீட்டு முறைப்படி கூப்பிடறது என் பொறுப்பு.”

அதைத்தான் செய்தாள். திற, தேடு, மூடு, தவறைச் சொல் என்று நான்கே நான்கு செயல்கள் கொண்ட ஒரு சின்னக் கோப்பு. அதற்கு அடியில் ஒவ்வொரு கணினி வகைக்கும் தனித்தனிக் கிளை. விண்டோஸில் கோப்பின் பெயர் டிஎல்எல் என்று முடியும். லினக்ஸில் பெயருக்கு முன்னால் லிப் ஒட்டிக்கொண்டு எஸ்ஓ என்று முடியும். மேக்கில் வேறு வால். தவறு நேர்ந்தால் லினக்ஸ் காரணத்தை வாக்கியமாகவே சொல்லிவிடும். விண்டோஸ் ஓர் எண்ணை மட்டும் நீட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அந்த எண்ணுக்குப் பொருள் கேட்டு இன்னொரு கதவைத் தட்ட வேண்டும். எல்லாவற்றையும் கண்ணும் கருத்துமாக எழுதினாள். மூன்றாம் வாரக் கடைசியில் வீட்டில் இருந்த லினக்ஸ் கணினியில் குரல் வந்தது. கணவர் காதுக் கருவியை மாட்டிக்கொண்டு ஒரு நிமிடம் கேட்டார்.

“அவளேதான்” என்றார்.

மாற்றம் நடந்த திங்கட்கிழமை சீயக்காவுக்கு அலுவலகத்தில் முக்கியமான நாள். வெளியூரிலிருந்து வாடிக்கையாளர்கள் வந்திருந்தார்கள். பிற்பகல் வரை கூட்டம். கணவருக்கு அது தெரியும்.

மருத்துவமனையில் எட்டு மணிக்கு அவர் நிரலைத் தொடங்கினார். காதில் ஒன்றும் வரவில்லை. புதுக் கணினி, மெதுவாக எழும் என்று காத்திருந்தார். காதுக் கருவியைக் கழற்றி மாட்டினார். பக்கத்து மேசைப் பெண் அன்று காலை வேறு பிரிவுக்குப் போயிருந்தாள். அதற்குள் தொலைபேசி அடிக்க ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்காரியைக் கூப்பிட்டால் கூட்டத்திலிருந்து எழுந்து ஓடி வந்துவிடுவாள் என்று நினைத்து, பையிலிருந்த கைபேசியை அவர் தொடவே இல்லை.

சனிக்கிழமை மாலை மூடும்போது கேட்ட பட்டியல் அவர் தலையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டே அழைத்தவர்களுக்கெல்லாம் நேரம் கொடுத்தார். பெயரையும் மணியையும் வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லி மனத்தில் ஏற்றினார். பதினோரு மணிக்குப் பக்கத்து மேசைப் பெண் வந்தாள்.

“சார், ஸ்கிரீன்ல ஒரு பெட்டி வந்து நிக்குதே. ஏதோ கோப்பு கிடைக்கலைன்னு போட்டிருக்கு. எப்ப இருந்து நிக்குது?”

“எட்டு மணியில இருந்துன்னு நினைக்கிறேன்” என்றார் அவர். “முதல்ல நான் சொல்றதை எழுதிக்கம்மா. மறந்துடப் போறேன்.”

பதினான்கு பேர். ஒருவர் விடாமல் சொன்னார். ஒன்றே ஒன்று மட்டும் இடித்தது. பத்து நாற்பதுக்குத் தோல் மருத்துவரிடம் இருவர் வந்து நின்றார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

மாலையில் சொல்லும்போதும் அவர் குரலை உயர்த்தவில்லை. சீயக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோப்பு ஏன் கிடைக்கவில்லை என்பது அவர் சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. விண்டோஸ், நிரல் இருக்கும் இடத்தில்தான் முதலில் லைப்ரரியைத் தேடும். லினக்ஸ் அப்படித் தேடாது. பக்கத்திலேயே வைத்திருந்தாலும் முழு முகவரி சொன்னால்தான் திறக்கும். வீட்டில் சோதித்தபோது தேட வேண்டிய இடத்தை அவளே கணினிக்குச் சொல்லி வைத்திருந்தாள். பிறகு அதைச் சொன்னதையே மறந்துபோனாள். யானைக்கும் அடி சறுக்கும் என்று அதை விட்டுவிடலாம்.

இன்னொன்றைத்தான் விட முடியவில்லை.

“பெட்டி வந்து நின்னுதுன்னு சொன்னீங்களே. அது நான் எழுதினது” என்றாள். “குரல் திறக்கலைன்னா என்ன செய்யணும்னு யோசிச்சேன். நல்ல பெரிய எழுத்துல திரையில காட்டுன்னு எழுதினேன். யாருக்காக எழுதறேன்னு தெரிஞ்சும் அப்படி எழுதியிருக்கேன், பாருங்க.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் கையை நீட்டித் துழாவி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். “எட்டு வருஷமா அவ ஒரு நாளும் வாயடைச்சுப் போனதில்லையே. உனக்கு எப்படித் தோணும்?”

“தோணியிருக்கணும்.”

“சரி, தோணியிருக்கணும். அழுது முடி. ஒண்ணு கேக்கறேன். குரல் வராட்டி வேற ஒரு சத்தமும் வராதா? பழைய காலத்துக் கம்ப்யூட்டர் பீப்னு கத்துமே.”

அவள் மூக்கை உறிஞ்சினாள். “வரும்.”

“கோப்பே கிடைக்கலைன்னா ஒரு தடவை கத்தச் சொல்லு. கிடைச்சும் வேற கோளாறுன்னா ரெண்டு தடவை. எனக்குக் கணக்கு தெரிஞ்சா போதும், உன்கிட்ட போன்ல சொல்லிடுவேன்.”

“வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க” என்றாள், அழுகையும் சிரிப்புமாக.

மறுநாள் அவரோடு சேர்ந்து அவளும் விடுப்பு போட்டாள். நிரல் தான் எங்கே இருக்கிறோம் என்பதைத் தானே கண்டுபிடித்து, அங்கிருந்து குரலின் முழு முகவரியையும் கட்டிக்கொள்ளும்படி மாற்றினாள். அதோடு பீப்புகளையும் சேர்த்தாள். கோப்பு இல்லாவிட்டால் ஒன்று. கோப்பு திறந்தும் உள்ளே தேடிய செயல் இல்லாவிட்டால் இரண்டு. இந்தத் தடவை வீட்டுக் கணினியில் குரல் கோப்பை ஒளித்து வைத்தாள், பெயரை மாற்றினாள், செயல் ஒன்றும் இல்லாத வெற்று லைப்ரரியை அந்த இடத்தில் வைத்தாள். ஒவ்வொரு முறையும் கணவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, “என்ன கோளாறுன்னு சொல்லுங்க” என்றாள். அவரும் சலிக்காமல் சொன்னார்.

மாற்றிய நிரலை அவர் மருத்துவமனைக்கு எடுத்துப்போன புதன்கிழமை, எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு அவள் கைபேசி அடித்தது. பேருந்தில் நின்றுகொண்டிருந்தாள்.

“ரெண்டு” என்றார் கணவர்.

“நிஜமாவா? ரெண்டா?”

“ரெண்டே ரெண்டு. மூணு தடவை ஆரம்பிச்சுப் பார்த்துட்டேன்.”

“அப்ப கதவு திறந்திருக்கு. உள்ள தேடின ஆள் இல்ல. அந்தக் கோப்பை யாராவது மாத்தினாங்களா?”

மேலாளரைக் கேட்டார். மாற்றியது அவர்தான். திங்கட்கிழமை நடந்ததை நினைத்து மனம் கேட்காமல், குரலின் புதிய பதிப்பை அவரே தேடி எடுத்துவந்து போட்டிருந்தார். அந்தப் பதிப்பில் ஒரு செயலுக்குப் பெயரை மாற்றிவிட்டிருந்தார்கள்.

“மேடம், நல்லது செய்யறதா நினைச்சு...” என்று தொலைபேசியில் இழுத்தார் மேலாளர்.

“நல்லதுதான் சார் செஞ்சீங்க. இப்போதைக்குப் பழசையே திரும்பப் போட்டுடுங்க. ராத்திரிக்குள்ள பழைய பேரு, புதுப் பேரு ரெண்டையும் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கற மாதிரி மாத்தித் தர்றேன்.”

பேருந்து அடுத்த நிறுத்தத்துக்குப் போய்ச் சேரும்வரை மறுமுனையில் விசைகள் தட்டும் சத்தம் வந்துகொண்டிருந்தது. பிறகு காதுக் கருவியின் ஓரத்திலிருந்து அந்தக் கண்டிப்பான குரல் மெலிதாகக் கசிவது அவளுக்கே கேட்டது. கணவர் நிம்மதியாக மூச்சு விட்டார். அதற்குள் பக்கத்தில் தொலைபேசி அடித்தது. “வெச்சுடறேன்மா, ஆள் காத்திருக்கு” என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த மேசையில் அவர் ஆறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். இடையில் மருத்துவமனையில் பார்வையில்லாத இன்னும் இருவர் சேர்ந்தார்கள். அவர்களுக்கும் அதே நிரல்தான். நடுவில் நிற்கும் அந்தச் சின்னக் கோப்பைச் சீயக்கா இணையத்தில் பொதுவில் வைத்தாள். முன்பின் தெரியாதவர்கள் எடுத்துப் பயன்படுத்தினார்கள். ஒருவர் அவள் கேள்விப்படாத ஒரு கணினி வகைக்கு ஒன்பது வரிகள் எழுதி அனுப்பினார். அன்று முழுவதும் அவள் அலுவலகத்தில் எதற்கென்று சொல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஓய்வு பெற்ற பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கணவருக்கு ஓர் ஆசை வந்தது. அவள் எழுதியதைக் கேட்க வேண்டுமாம். “நீ என்னதான் எழுதறேன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாதே.”

“அதுல கேக்க என்ன இருக்கு? அடைப்புக்குறியும் அரைப்புள்ளியுமா இருக்கும்.”

“இருக்கட்டும்.”

கோப்பைத் திறந்து கொடுத்துவிட்டு, துணி மடிக்க உட்கார்ந்தாள். குரல் மேலிருந்து வாசிக்க ஆரம்பித்தது. நட்சத்திரக் குறி, அடைப்புக்குறி, அரைப்புள்ளி என்று அது தடதடவென்று உருட்டிக்கொண்டு போக, அவர் சிரித்துச் சிரித்து இருமினார். பாதியில், வேறு நிரலர்கள் படிப்பதற்காக அவள் தமிழில் எழுதி வைத்திருந்த குறிப்பு ஒன்று வந்தது. “தவறு நேர்ந்தால் முதலில் ஒலி எழுப்பு. திரையில் எழுதுவதைப் பிறகு பார்த்துக்கொள். மறுபக்கம் இருப்பவருக்குக் கண் தெரியும் என்று நீயாக முடிவு செய்யாதே” என்று வாசித்தது குரல்.

அவர் நிறுத்தினார்.

“இது யாருக்கு எழுதினது?”

“எனக்குத்தான்” என்றாள் அவள், தலையணை உறையின் மூலைகளைச் சேர்த்துக்கொண்டே.

அவர் இன்னொரு தடவை அந்த வரியைக் கேட்டார். பிறகு நகர்ந்து உட்கார்ந்து, மடிக்காத துணிக் குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.