பூட்ஸ் போட்டுத் தோற்றவர்கள்

இந்தியக் கால்பந்து அணி ஆசியாவையே ஆட்டிவைத்த காலம் ஒன்று இருந்தது. நான் அந்தக் காலத்தில் ஆடியவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் என் வீட்டுச் சுவரில் தங்கப் பதக்கத்தைத் தேடுகிறார்கள். நான் உள்ளே போனது எழுபதுகளில், கொடி இறங்க ஆரம்பித்த பிறகு. லெஃப்ட் பேக், இடது ஓரத்தில் தடுக்கிறவன். சில ஆட்டங்கள் ஆடினேன். ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். ஆனால் தோற்ற ஆட்டத்திலும் என் பக்கமாகப் பந்தைக் கொண்டுபோனவன் முழங்காலைத் தடவிக்கொண்டுதான் போனான். எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை.

அந்த ஆட்டத்தை வைத்துத்தான் பெங்களூரில் ஒரு ஃபேக்டரியில் வேலை கிடைத்தது. ஃபேக்டரிக்கு அப்போது சொந்தமாக டீம் இருந்தது. காலையில் கிரவுண்டு, மத்தியானம் மெஷின். தொண்ணூறுகளில் டீமைக் கலைத்தார்கள், கிரவுண்டில் கார்களை நிறுத்தினார்கள். ஒக்கலிபுரத்தில் எங்கள் சந்துக்குக் கேபிள் டிவி வந்ததும் அந்தச் சமயத்தில்தான். உலகக் கோப்பை வந்துவிட்டால் சந்துக்குக் குறுக்கே பிரேசில் கொடி தொங்கும், பிள்ளைகள் எல்லாம் மஞ்சள் ஜெர்சியில் திரிவார்கள். இந்தியா ஆடினால் ஒரு ஜன்னலில்கூட டிவி சத்தம் கேட்காது. பேப்பரில் மூலையில் போடுவார்கள், தோற்றோம் என்று.

எதிர்வீட்டு லாண்டரிக்காரருக்கு அந்த மூலைச் செய்தி மட்டும் எப்படியோ கண்ணில் பட்டுவிடும். இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

“இன்னாண்ணா, உங்க டீமு நேத்து யாரு கிட்டயோ ஒதை வாங்கிச்சாமே. அது நாட்டுப் பேரா, மாத்திரைப் பேரா?”

“எதுவா இருந்தா இன்னா? போயி நின்னு ஆடிட்டு வந்தாங்க இல்ல? நீ ஒரு த்ரோ-இன் போடு, பாக்கலாம்.”

இப்படித்தான் பத்துப் பதினைந்து வருஷம் அந்த டீமுக்கு வக்கீலாக இருந்தேன். யாரும் என்னை வைக்கவில்லை, நானாக வாதாடினேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் கழித்து, ஒரு சனிக்கிழமை, விளம்பரக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வீடு தேடி வந்தாள். கோயம்புத்தூர்ப் பெண். ஒரு பெரிய கம்பெனி இந்திய டீமின் புது ஜெர்சியை விற்கப்போகிறது, அதற்கு மாலில் ஒரு விழா, பழைய ஆட்டக்காரர்கள் எல்லாம் வரவேண்டும் என்றாள். டீமை ஒரு பிராண்டாக்க வேண்டுமாம்.

“டீமுக்கு கிரவுண்டு வேணும், பசங்களுக்கு நல்ல சாப்பாடு வேணும். பிராண்டு எதுக்கும்மா?” என்று கேட்டேன்.

“கதை இருந்தாத்தானுங்க அங்கிள் ஜெர்சி விக்கும். நம்ம டீமோட கதையே வெறுங்கால்தானுங்களே. வெறுங்கால்லயே ஆடி ஜெயிச்சவங்க. நீங்கெல்லாம் வெறுங்காலோட நடந்து மேடைக்கு வருவீங்க, பின்னாடியே இப்ப ஆடற பசங்க புது பூட்ஸ் போட்டுட்டு ஓடி வருவாங்க. அஞ்சு நிமிசந்தானுங்க.”

வெறுங்காலோடு ஆடியது எனக்கு ஏறக்குறைய இருபது வருஷம் முந்தியவர்கள், நான் பூட்ஸ் இல்லாமல் இந்தியாவுக்கு ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை என்று சொன்னேன். “அதெல்லாம் ஜனங்களுக்குத் தெரியாதுங்க அங்கிள்” என்று சிரித்தாள். நல்ல பெண். என் மனைவி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் என்ன கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

அவள் கேட்டது இது. என் அப்பாவுக்கு வட ஆற்காட்டுப் பக்கம் ஒரு கிராமம். அங்கே எங்கள் சேரி ஆட்கள் ஊர்த்தெருவில் கால் வைத்தால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். குழந்தையாக இருந்தாலும் கிழவனாக இருந்தாலும் அதுதான். வெயிலில் தெரு கொதிக்கும். அப்பா அந்தத் தெருவை விட்டு ரயிலேறி வந்து, பெங்களூரில் தண்டவாளம் பழுதுபார்க்கிற கேங்கில் சேர்ந்தவர். ஊர்ப் பேச்சையே எடுக்கமாட்டார்.

நான் டீமில் எடுக்கப்பட்ட மறு வாரம், “கெளம்பு, ஊருக்குப் போவணும். உன் பூட்ஸ எடுத்துக்கோ” என்றார். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அங்கேயே என்னை மாட்டச் சொன்னார். அப்போதெல்லாம் பூட்ஸின் அடியில் ஸ்டட் என்கிற தோல் குமிழ்களை ஆணி அடித்து வைத்திருப்பார்கள். ஊர்த்தெரு பூராவும் கல் பாவியிருந்தது. நான் முன்னால் நடந்தேன், அப்பா டயர் செருப்போடு பின்னால் வந்தார். டக் டக்கென்று அந்தச் சத்தம் வீட்டுக்கு வீடு போய்க் கதவைத் தட்டியது. ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். ஒருவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், அப்பா நின்று அவர் முகத்தையே பார்த்தார், அவர் உள்ளே போய்விட்டார். தெரு முடிந்ததும் அப்பா, “சரி, பஸ் வந்துரும்” என்றார். யாரையும் பார்க்காமலே திரும்பிவிட்டோம்.

அந்த ஜோடி எப்போதோ பிய்ந்துபோய்விட்டது. இப்போது என்னிடம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை கிழவர்களோடு ஆட வாங்கிய ஜோடி. மாலுக்குப் போகிற நாள் அதை எடுத்து வாசலில் வைத்தேன். என் மனைவி என்னையும் அதையும் பார்த்தாள்.

“போறதுன்னா பூட்ஸோட போ. கழட்டறதா இருந்தா இங்கயே குந்திக்கினு இரு. அங்க போயி கழட்டிட்டு வந்து என்கிட்ட சோறு கேக்காத.”

போகாமலே இருந்திருக்கலாம். ஆனால் நான் போகவில்லை என்றால் எனக்குப் பதிலாக எவனையாவது வெறுங்காலோடு நடக்கவிட்டு, என் பேரைச் சொல்வார்கள். அதை என்னால் ஜீரணிக்க முடியாது.

மாலில் ஒரு திரைக்குப் பின்னால் பழைய ஆட்கள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். என்னோடு ஆடிய கோல்கீப்பர் சாக்ஸை உருட்டிக்கொண்டே, “மச்சா, சும்னே இரு, தகராறு வேணாம். அஞ்சு நிமிஷம். கழட்டி மாட்டப்போற, அவ்ளோதான்” என்றான். அவனைக் குறை சொல்லமாட்டேன். அவன் அப்பா நடந்தது வேறு தெரு. கோயம்புத்தூர்ப் பெண் ஓடிவந்து என் காலைப் பார்த்துவிட்டு, “அங்கிள், ப்ளீஸ்ங்க, என் வேலையே போயிருமுங்க” என்றாள். “உன் வேலை போகாதும்மா. கெழவன் கேக்கலன்னு சொல்லிடு” என்றேன்.

மேடை வரைக்கும் பச்சை மேட் விரித்திருந்தார்கள். எல்லாரும் அதன்மேல் நடந்தார்கள். அதில் நடந்தால் சத்தம் வராது. நான் ஓரமாக இறங்கிக் கிரானைட்டில் நடந்தேன். டக், டக், டக். செக்யூரிட்டிக்காரர் பதறிப்போய், “சார், ஷூ பிச்சி, ஷூ பிச்சி!” என்று கன்னடத்தில் கழற்றச் சொல்லிக் கெஞ்சினார், தரையில் கீறல் விழுமாம். விழட்டும் என்றேன். மேலே இரண்டு மாடியிலும் ஜனங்கள் கைப்பிடியில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள்.

மேடையில் மைக் பிடித்து வெறுங்கால் வீரர்கள் என்று ஆரம்பித்தவன், என் காலைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான். சமாளிக்கத் தெரியாமல் மைக்கை என்னிடமே நீட்டினான். நான் வாங்கிக்கொண்டேன்.

“வெறுங்காலோட ஜெயிச்சவங்க வேற ஆளுங்க. அவங்கள்ல பல பேரு செத்துட்டாங்க. அவங்க பேரச் சொல்லி ஜெர்சி விக்கிறீங்க, வித்துக்கோங்க. ஆனா நாங்க பூட்ஸ் போட்டு ஆடினவங்க. பூட்ஸ் போட்டுத்தான் தோத்தோம். தோத்தாலும் இந்தியா டீம்தான். இப்ப இன்னான்றீங்க?”

கம்பெனிக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். மேலே எவனோ விசில் அடித்தான். ஓரத்தில் புது பூட்ஸோடு காத்திருந்த இப்போதைய டீம் ஆட்டக்காரன் ஒருவன் மட்டும் கை தட்டினான். பாவம், அவனும் அந்த வருஷம் நிறையத் தோற்றிருந்தான். நான் மைக்கைக் கொடுத்துவிட்டு, வந்த வழியே கிரானைட்டில் நடந்து வெளியே போனேன்.

பஸ்ஸில் கண்டக்டர் என் காலைப் பார்த்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்தார். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தேன். சந்தில் திரும்பும்போது லாண்டரிக்காரர் தலை நிமிர்ந்து பார்த்தார். என் காலைப் பார்த்துவிட்டு மறுபடி இஸ்திரிப் பெட்டியைத் தள்ள ஆரம்பித்தார். கதவு மூடித்தான் இருந்தது. நான் தட்டவில்லை, இரண்டு படி ஏறினேன், அவ்வளவுதான்.

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. “சத்தம் கேட்டுது. வா, சோறு போட்டுட்டேன்.”