மாமியாருக்கு 'திஸ்' போட மாட்டோம்

இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவர்களுக்குத் தொண்டை கட்டுவது சகஜம். எனக்கு வாயே கட்டிப்போனது.

சேலத்தில் எம்.ஏ. படிக்கிறேன். பல்கலைக்கழக விவாதப் போட்டிகளில் கோப்பை வாங்கியவள். சனிக்கிழமைகளில் சேர்வராயன் மலையில், செம்மநத்தம் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் பால்வாடியில், காப்பி பறிக்கும் பெண்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். எஸ்டேட் பங்களாவை டூரிஸ்டுகளுக்கு விடுதியாக்கப் போகிறார்கள். விருந்தாளிகளுக்குத் தோட்டத்தைச் சுற்றிக்காட்ட, இங்கிலீஷ் பேசும் பெண் ஒருத்தி வேண்டும். என் வகுப்பில் என் வயதுக்காரி பூங்கொடி அந்த வேலைமேல் கண் வைத்திருந்தாள். மழையில் அட்டைக்கடி வாங்கியது போதும் என்பது அவள் கட்சி. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சகோதரிகளே, நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

மாமியார் எத்தனை பேர்?

பக்கத்தில் ஒன்று இருந்தால் 'திஸ் இஸ்', பல இருந்தால் 'தீஸ் ஆர்'. தூரத்தில் என்றால் 'தட் இஸ்', 'தோஸ் ஆர்'. ஆரஞ்சுப் பழங்களை வைத்து நடத்தினேன். ஒரு பிழை இல்லை. பெருமை தாங்காமல், "இப்போ ஆளுங்களைக் காட்டிச் சொல்லுங்க" என்றேன். அங்கேதான் கெட்டேன்.

துணைக்கு வந்து மூலையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த மாமியார் ராசம்மாளைக் காட்டினாள் பூங்கொடி. "தீஸ் ஆர் மை மதர்-இன்-லா." ஜன்னல் வழியே, லாரி கழுவும் கணவனைக் காட்டினாள். "தோஸ் ஆர் மை ஹஸ்பண்ட்." உனக்கு எத்தனை மாமியார், எத்தனை புருஷன் என்று கொதித்தேன்.

"ஒருத்தருதானுங்க டீச்சர். அதுக்காக 'இது' எங்க மாமியாருன்னா சொல்ல முடியும்? மரியாதை வேண்டாமுங்களா?"

சாமி விவகாரம்

நான் விடுவேனா? அவளை வாசலுக்கு இழுத்துப்போய் மலையுச்சியைக் காட்டி, "சேர்வராயன் சாமியை எப்படிச் சொல்லுவே?" என்றேன். "தட் இஸ் அவர் காட்" என்றாள், தயங்காமல். கோப்பை கைக்கே வந்துவிட்டது என்று நினைத்தேன். மலையையே காக்கிற சாமிக்கு ஒருமை, வெற்றிலை மடிக்கிற மாமியாருக்குப் பன்மையா, இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். வகுப்பே என்னைப் பாவமாகப் பார்த்தது.

"சாமிய வா, போன்னாலும் கோவிச்சுக்காதுங்க டீச்சர். அது என்ன எங்ககூட ஒரே ஊட்டுலயா குடியிருக்குது?"

ரைட்டரும் நாயும்

வகுப்பைப் பார்வையிட, எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் தன் நாயோடு வந்தார். "தீஸ் ஆர் அவர் ரைட்டர். திஸ் இஸ் தேர் டாக்" என்றாள் பூங்கொடி. இப்படிப் பேசினால் அந்த வேலை கிடைக்காது என்று அவரிடமே முறையிட்டேன். இருவருக்கும் 'திஸ்'தான் சரி என்றும் விளக்கினேன். அவர் நாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, நாய்க்கும் திஸ்ஸு, எனக்கும் திஸ்ஸுங்களா?"

களத்தில் பரீட்சை

விடுதியை நடத்தப்போகும் அம்மா சென்னையிலிருந்து வந்தார். பூங்கொடியைக் காப்பி காயும் களத்துக்கு அழைத்துப்போய், அங்கே இருப்பவர்களை இங்கிலீஷில் அறிமுகம் செய்யச் சொன்னார். முதல் ஆளாக ராசம்மாள் நின்றிருந்தார். 'தீஸ்' என்றால் வேலை போகும். 'திஸ்' என்றால் வீட்டில் மரியாதை போகும். நான் களத்து ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூங்கொடி கொஞ்சம் யோசித்தாள். களத்தின் அந்தக் கோடியில் காப்பிக்கொட்டை கிளறிக்கொண்டிருந்த மாமனாரை, "மாமா, ஒரு நிமிசம் இங்க வாங்க" என்று கூப்பிட்டு மாமியாருக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். "தீஸ் ஆர் மை ஃபாதர்-இன்-லா அண்ட் மதர்-இன்-லா." அப்புறம் ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். "தோஸ் ஆர் மை ஹஸ்பண்ட் அண்ட் ஹிஸ் லாரி."

அந்த அம்மா சிரித்துவிட்டு, திங்கட்கிழமையே வேலைக்கு வரச் சொன்னார். என்னை மறந்து கைதட்டினேன். ராசம்மாள் மட்டும் பக்கத்தில் நின்ற கணவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்புள்ள, இந்த மனுசன் வந்து ஜோடியா நின்னாத்தான் எனக்கு மரியாதையா?"

எதிரணியில் ராசம்மாள் மாதிரி ஒருவர் உட்காராததால்தான் நான் இத்தனை நாளும் கோப்பை வாங்கிக்கொண்டிருந்தேன் என்று இப்போது தெரிகிறது.