அஞ்சலை சொல்லாத பெயர்

மேலே கேட்டுக்கொண்டிருந்த மோட்டார் சத்தம் திடீரென்று நின்றுவிட்டது. பைக்கை ரோட்டோரம் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுக் காது கொடுத்தேன். கடல் சத்தம் மட்டும்தான். சவுக்குத் தோப்புக்கு மேலே தெரிந்த சிவப்புத் துணி தாழ்ந்து தாழ்ந்து மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. அந்தத் துணிக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தவர் என் கணவர்.

இதைப் படிக்கிற அன்பான விசுவாசிகளே, என் பெயர் எஸ்தர். செங்கல்பட்டில் குடியிருக்கிறோம். சுனாமிக்கு முந்தின வருடம், பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை ஆண்டவர் என் குடும்பத்துக்குச் செய்ததை அப்படியே எழுதுகிறேன். ஒருசிலர் முகம் சுளிக்கலாம். நடந்ததைத்தானே நான் சொல்ல முடியும்?

என் கணவர் செல்வராஜுக்கு இரண்டு பைத்தியம். ஒன்று பைக். கல்யாணமான புதிதில் எனக்கும் கியர் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டார். இன்னொன்று பறப்பது. அவரும் ஆபீஸ் நண்பர் பாபுவும் சேர்ந்து, முதுகில் மாட்டிக்கொள்ளும் மோட்டார் ஒன்று வாங்கியிருந்தார்கள். பின்னால் விசிறி சுற்றும். தலைக்கு மேலே பாராசூட் மாதிரி துணி விரியும். திருப்போரூர்ப் பக்கம் ஒரு தரிசு நிலத்தில் ஓடி எழும்பி, மாமல்லபுரம் போகிற ரோட்டை ஒட்டிக் கடற்கரை வரை போய்த் திரும்புவார்கள். ஒருவர் மேலே பறந்தால் மற்றவர் கீழே பைக்கில் பெட்ரோல் கேனோடு பின்னாலேயே போக வேண்டும். அது அவர்கள் வைத்திருந்த சட்டம்.

அன்று பாபுவுக்குக் காய்ச்சல். "நீதான் வண்டி ஓட்டுவியே எஸ்தரு, சும்மா பின்னாடியே வா" என்றார் என் கணவர். "வானத்துல போறவருக்குப் பின்னாடி எந்த ரோட்டுல வர்றது?" என்று சண்டை போட்டுக்கொண்டேதான் கிளம்பினேன்.

இங்கே அவருடைய ஜாக்கெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பறக்கும்போதும் பைக் ஜாக்கெட்தான். அதன் பையில் எப்போதும் ஒரு பிளக் ஸ்பேனர் கிடக்கும். பிளக்கில் கரி பிடித்தால் இன்ஜின் நின்றுவிடும்; டூ ஸ்ட்ரோக் வண்டிக்காரர்களுக்கு அடிக்கடி அதைக் கழற்றித் துடைக்காவிட்டால் தூக்கம் வராது. அந்த ஸ்பேனர் பையைக் கிழித்துக் கிழித்து எனக்குத் தையல் வேலை வைக்கும். கடைசியில் வெறுத்துப்போய், பழைய கேன்வாஸ் பை ஒன்றை வெட்டி உள்ளே வைத்துத் தைத்து, மேலே ஜிப்பும் போட்டேன். ஜெபித்துக்கொண்டே தைத்தேன் என்று சொல்ல ஆசைதான். திட்டிக்கொண்டேதான் தைத்தேன்.

சிவப்புத் துணி மறைந்த பக்கம் பைக்கைத் திருப்பினேன், அது மணலில் புதைந்தது. அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். ஒரு சின்ன மீனவக் குப்பம். எதிர்வெயிலில் வேறெதுவும் தெரியவில்லை, கடலில் வெகு தூரத்தில் சிவப்பாக ஏதோ மிதந்தது. அலை ஒன்று எழுந்து அடங்கியதும் அதையும் காணோம். அவருக்கு நீச்சல் தெரியும். ஆனால் முதுகில் மோட்டாரைக் கட்டிக்கொண்டு யாரால் நீந்த முடியும்? அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

வலை உதறிக்கொண்டிருந்த ஆண்கள் ஒரு போட்டைத் தள்ள ஓடினார்கள். ஒரு பெண் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் பெயர் அஞ்சலை.

"இன்னாம்மா, உன் வூட்டுக்காரரா அது?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"எங்க வூட்டுக்காரரும் இன்னும் வர்லம்மா. எல்லா போட்டும் வந்துட்ச்சு, அது மட்டும் காணோம். விடிஞ்சதுலேர்ந்து இங்கியேதான் குந்திக்கினு கீறேன்."

எனக்கு ஜெபம் வரவில்லை. பத்து நிமிடம் குறையாமல் ஜெபிக்கிறவள் என்று சபையில் எனக்குப் பெயர். அன்று "ஆண்டவரே, செல்வராஜ், ஆண்டவரே, செல்வராஜ்" என்பதைத் தவிர வேறு வார்த்தை கிடைக்கவில்லை. அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் சாமி கிட்ட எங்க வூட்டுக்காரரையும் சொல்லும்மா. நான் எங்காத்தா கிட்ட உன் வூட்டுக்காரரையும் சேத்து சொல்றேன்."

எனக்குக் கோபம் வந்தது. என் ஆள் கடலில் கிடக்கிறார், அடுத்தவருக்காகக் கேட்க மனம் எங்கே இருக்கிறது? ஆனால் அவளுக்கும் அதே கதிதானே. அவள் எனக்காகக் கேட்கிறேன் என்கிறாளே. "பேர் என்ன?" என்றேன்.

முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாளாம். "திருப்பதில கீறாரே, அவரு பேரு."

"வெங்கடேசனா?"

"இல்லம்மா. அவுரு இருக்கற எடத்துப் பேரு."

இரண்டு பேரும் அழுதுகொண்டே விடுகதை போட்டுக்கொண்டிருந்தோம். "ஏழுமலையா?" என்றதும் தலையை ஆட்டினாள். அப்படித்தான், "ஆண்டவரே, ஏழுமலையைக் கரை சேர்த்தருளும், செல்வராஜையும் கரை சேர்த்தருளும்" என்று வாய்விட்டுக் கதறினேன். அவள் பக்கத்தில் "ஆத்தா, செல்வராசு, ஆத்தா, செல்வராசு" என்று மணலில் அடித்துக்கொண்டாள்.

ஆண்கள் இன்ஜினை எடுத்து வந்து மாட்டித் தள்ளிய போட் தண்ணீரைத் தொட்டபோது தூரத்தில் ஒரு இன்ஜின் சத்தம் கேட்டது. அஞ்சலை துள்ளி எழுந்தாள். "எங்க போட்டு! அந்த சவுண்டு எனக்குத் தெரியும்!"

நானும் மகிழ்ந்தேன் என்றால் பொய். அவள் புருஷன் வந்துவிட்டான், என்னுடையவர் எங்கே? போட் கிட்டே வந்தது. மூன்று பேர் போன போட்டில் நான்கு தலை தெரிந்தது. நாலாவது தலையில் ஹெல்மெட்.

அதற்கப்புறம் நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று அவரை அடித்துக்கொண்டிருந்தேன் என்று அஞ்சலை சொல்வாள்.

நடந்ததை ஏழுமலை சொன்னார். "மோட்டாரு நின்னுட்ச்சும்மா. பிளக்க கயட்டலாம்னு பாத்தா ஸ்பேனரு கைநழுவி கடல்ல வுழுந்துட்ச்சு. துடுப்பு போட்டா காத்து வெளியவே தள்ளுது. லுங்கிய அவுத்து ஆட்டிக்கினு கீறோம், இவரு மேலேர்ந்து டாட்டா காட்டிக்கினு வர்றாரு! உனக்கு இன்னா கொழுப்புய்யான்னு திட்டினேன். பாத்தா பக்கத்துலியே வந்து வுழுறாரு!"

பறக்கிறவர்களைப் பார்த்தால் கீழே எல்லாரும் கையாட்டுவார்கள். இவரும் ஆட்டுவார். இதுவும் அப்படி என்று நினைத்து, கிட்டே போய் ஆட்டலாமென்று கடலுக்குள் போயிருக்கிறார். அங்கேதான் பெட்ரோல் தீர்ந்து மோட்டார் நின்றது. கை தானாக இடது முழங்காலுக்குப் போனதாம், பைக்கில் ரிசர்வ் பெட்ரோல் திருப்புகிற இடத்துக்கு. அங்கே ஒன்றுமில்லை. கரை எட்டாது என்று தெரிந்து போட்டைப் பார்த்தே இறங்கிவிட்டார். கயிறுகள் கழுத்தில் சுற்றி உள்ளே இழுக்க, ஏழுமலை கத்தியோடு குதித்து அறுத்து அவரைத் தூக்கினார். மோட்டாரும் துணியும் கடலோடு போயின. ஜாக்கெட் பையும் ஜிப்பும் அப்படியே இருந்தன. உள்ளே ஸ்பேனர் இருந்தது. வாந்தியெடுத்து முடித்ததும் இவரே போட் இன்ஜினின் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டாராம்.

நான் ஏழுமலைக்காகக் கேட்டேன். அவருக்கு வேண்டியது என் கணவரிடம் இருந்தது. அஞ்சலை செல்வராஜுக்காகக் கேட்டாள். அவருக்கு வேண்டியது அவள் கணவரிடம் இருந்தது. அவள் கூப்பிட்ட சாமியைப் பற்றி என்னிடம் வழக்காட வராதீர்கள். என் ஆண்டவர் என் கதறலைக் கேட்டார். அது எனக்குப் போதும், அவருக்கே ஸ்தோத்திரம்.

என் கணவர் இன்றும் பறக்கிறார். கடல் மேலே மட்டும் போவதில்லை, மிதவைச் சட்டை இல்லாமல் எழும்புவதில்லை. மாறியது என் ஜெபம்தான். அதுவரை என் வீடு, என் கணவர், என் பிள்ளைகள் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அந்தக் குப்பத்தில் கடலுக்குப் போகிற ஒவ்வொருவர் பெயரும் என் வாயில் வரும். சுனாமியன்று ஆலயத்தில் செய்தி கேட்டதும் முதலில் அந்தப் பெயர்களைச் சொல்லித்தான் அழுதேன். அவர்கள் வீடு போனது, ஆனால் அஞ்சலையும் ஏழுமலையும் பிழைத்தார்கள்.

உங்களுக்கும் கரை தெரியாத ஒரு காலை வரலாம். அன்று பக்கத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவருக்காகவும் கேளுங்கள். பெயர் சொல்லத் தயங்கினால், விடுகதையாவது போடச் சொல்லுங்கள்.