அம்மணி அக்கா வைத்த சிவப்பு நூல்

அம்மணி அக்காவுக்கு எங்கள் பட்டுக்கடையில் ஒரே வேலை. தறியிலிருந்து வரும் புடவையை விரித்துக் குறை இருக்கிறதா என்று பார்ப்பது. கண்ணமங்கலத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து பதினெட்டு வருடமாக இதைச் செய்கிறார். ஓர் இழை விட்டுப்போயிருந்தாலும் அவர் விரல் அங்கே நின்றுவிடும். நான் தீனா, அதே கடையில் புடவைகளைப் போட்டோ எடுத்து ஆன்லைனில் ஏற்றுகிறவன். அவரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

குறையுள்ள புடவையை நான் போட்டோ எடுக்கும்போது அக்கா முந்தியின் ஓரத்தில் ஒரு சிவப்பு நூலை வைப்பார். கட்டினால் பட்டு இழுபடும் என்று சும்மாதான் வைப்பார். படம் எடுத்ததும் நூலை எடுத்துவிடுவார். முதலாளி ஜெயக்குமார் போனில் படத்தைப் பார்த்துத்தான் விலை போடுவார். நூல் தெரிந்தால் செகண்ட்ஸ். தெரியாவிட்டால் முதல் தரம்.

வாரத்துக்கு இருநூறு படம். ஒவ்வொன்றையும் திறந்து, ஓரம் வெட்டி, வெளிச்சம் கூட்டி, கடைப் பெயர் பதித்து முடிப்பதற்குள் முதுகு ஒடிந்துவிடும். போன தை மாதம் இதற்கென்று கம்ப்யூட்டரில் ஒரு ஸ்கிரிப்ட், சின்னதாக ஒரு புரோகிராம், எழுதினேன். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் போதும். எடிட்டிங் சாஃப்ட்வேர் கண்ணுக்கே தெரியாமல் உள்ளே ஓடி, இருநூறையும் முடித்துக் கொடுத்துவிடும். முதலாளி எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"டீ ஆறதுக்குள்ள முடிச்சிட்டான் பாருங்க!"

எனக்குத் தலைகால் புரியவில்லை.

புடவை மாட்டும் கம்பியும் கிளிப்பும் தெரியக்கூடாது என்று நாலு பக்கமும் கொஞ்சம் வெட்டும்படி எழுதியிருந்தேன். அக்கா நூல் வைப்பதும் அந்த ஓரத்தில்தான். கையால் வெட்டிய நாட்களில் நூலைப் பார்த்து ஒதுக்கி வெட்டுவேன். ஸ்கிரிப்டுக்கு அது தெரியாது. சொல்லிக் கொடுக்க எனக்கும் தோன்றவில்லை.

சேத்துப்பட்டுக் கல்யாண வீட்டிலிருந்து முகூர்த்தப் புடவை ஒன்று திரும்பி வந்தது. முந்தியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஜரிகை விட்டுப்போயிருந்தது. முதலாளி எல்லோர் முன்னாலும் அக்காவைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு இன்னா அவிஞ்சா பூடுச்சி?"

"நூல் வெச்சனுங்களே," என்றார் அக்கா.

"போட்டோவுல எங்க?"

அன்று மதியம், ஸ்கிரிப்ட் தனியாக எடுத்து வைத்திருந்த அசல் படங்களைத் திறந்தேன். ஓரத்தில் சிவப்பு நூல் பளிச்சென்று இருந்தது. முதலாளி பார்த்தால் என் ஸ்கிரிப்டின் லட்சணம் தெரிந்துவிடும். பிறகு அந்த ஃபோல்டரையே அழிக்க ஒரு வரி தட்டினேன். நிச்சயமாகவா என்றுகூட அது கேட்கவில்லை.

சாயந்தரம் அக்கா வந்தார். "தீனா, வெட்டாத படம் இருக்குமா? ஒரு தபா பாத்து சொல்லேன்."

"இல்லக்கா. நான் பாத்தப்பவும் நூல் இல்ல."

இரண்டாவது வாக்கியத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சேர்த்துச் சொன்னேன். 

மறுநாளே ஸ்கிரிப்டைத் திருத்திவிட்டேன், யாருக்கும் சொல்லாமல். அக்கா அடுத்த வாரம் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொரு புடவையையும் மூன்று முறை பார்த்தார். நல்ல புடவையிலும் நூல் வைத்தார்; முதலாளி அதற்கும் கத்தினார். மூன்று மாதம் போனது. ஒருநாள் என் மேஜைக்கு ஒரு புடவையைத் தூக்கி வந்தார்.

"இது கொறையா, இல்ல என் கண்ணா? நீயே சொல்லுப்பா. நாளையிலேர்ந்து மடிக்கிற வேலைக்கே போயிடறேன்னு மொதலாளிகிட்ட சொல்லிட்டேன்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அக்கா, அன்னிக்கு நூல் இருந்திச்சி. நான்தான் வெட்டினேன். அசல் படத்தையும் நான்தான் அழிச்சேன்."

அக்கா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"வேலூர் கண் டாக்டரு, கண்ணுல ஒரு கொறையும் இல்லம்மான்னுதான் சொன்னாரு," என்றார். "அவர நம்பாம நானா கண்ணாடிக் கடையில போய் இத வாங்கினு வந்தேன். நீதான் பாத்தேன், நூல் இல்லன்னு சொன்னியே."